மாமூல் வண்டித்தடம்

பழனிசெட்டிபட்டியில் ஒரு செங்கல் காளவாசல். அதில் மிஞ்சியதை வைத்து இரண்டாவது காளவாசல். கூடலூரில் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு வரிசைக் கடைகள். குமுளிக்கு ஓட ஜீப்புகள், அவை மக்கர் செய்தால் பார்க்கச் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில், போர் போட்டாலும் புழுதிதான் வரும் என்று எல்லாரும் ஒதுக்கிய தரிசில் ஒரு கல்யாண மண்டபம். போர் போட்டேன், தண்ணீர் வந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு. அப்புறம், தேனியில் பொது நூலகத்து மாடியில் சட்டப் பிரிவு.

இத்தனையும் நான் கட்டியது. மூன்றாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன், தலையில் மண் சுமந்தவன், பாங்கு வாசலில் வெயிலில் நிறுத்தி வைக்கப்பட்டவன் கட்டியது.

மற்றதையெல்லாம் என்னுடையது இல்லை என்று எவரும் சொல்வதில்லை. காளவாசலில் புகை தெரிகிறது, ஜீப்பில் என் பெயர் தெரிகிறது. கடைசியாகச் சொன்னேனே, அந்த மாடியில் மட்டும் என் பங்கு வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போகிறது. அதனால்தான் பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும்.

உனக்கும் சட்டப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தேனியெல்லாம் மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், காளவாசலுக்கு மண் எடுத்த இடத்தில் ஓர் எல்லைத் தகராறு வந்தது. மதுரையில் பெரிய வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். அவர் ஆபீசில் சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே தங்க எழுத்துப் புத்தகங்கள், ஒரே உயரத்தில். என் மண்ணைப் பற்றிய பிரிவு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, கொஞ்சம் பார்க்கட்டுமா என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். சாவி ஐயாவிடம் இருக்கிறது என்றார். ஐயா வந்ததும் அவரிடமே கேட்டேன். உங்களுக்குப் புரியாது என்று சிரித்தபடி சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்திருக்காதுதான். இருந்தாலும் என் மண்ணைப் பற்றி எழுதின பக்கம் எது என்று நான் கண்ணால் பார்க்கக் கூடாதா? பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கும்வரை அதே நினைப்பாக வந்தேன். வழக்கில் ஜெயித்தேன். அந்தச் சாவிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பிறகு மாவட்டம் பிரிந்தது. தேனிக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்தது, கோர்ட்டுகள் வந்தன, வக்கீல்கள் பெருகினார்கள். அதில் பாதிப் பேர் வயல் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். அப்பன் வக்கீலாக இருந்தால் மகனுக்கு அலமாரியும் சேர்ந்து வரும். சம்சாரி மகனுக்கு எங்கிருந்து வரும்? ஒரு தீர்ப்பைப் பார்க்க வேண்டும் என்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சீனியர் வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பொது நூலகத்துக் கமிட்டிக்காரர்கள் மாடி எடுத்துத் தரும்படி என்னிடம் வந்தார்கள். வாரப் பத்திரிகை படிக்க ஒரு ஹால் வேண்டுமாம். வாரப் பத்திரிகையை டீக்கடையிலேயே படித்துக்கொள்ளலாம்; கட்டித் தருகிறேன், ஆனால் மேலே சட்டப் புத்தகம்தான் வைக்க வேண்டும், கறுப்புக் கோட்டுப் போட்டவர் என்றில்லை, எவர் வந்து கேட்டாலும் எடுத்துத் தர வேண்டும் என்று சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கல் என்னுடையது அல்லவா, சரி என்றார்கள்.

காலமாகிப் போன ஒரு பழைய வக்கீலின் வீட்டார் அவருடைய புத்தகங்களை அப்படியே தந்தார்கள். மாதாமாதம் வருகிற தீர்ப்புத் திரட்டுகளுக்கு வக்கீல்கள் சேர்ந்து சந்தா கட்டினார்கள். ஜெராக்ஸ் மிஷின் நான் வாங்கி வைத்தது. அலமாரிக்குக் கதவு போட ஆசாரி அளவெடுத்தபோது நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். தூசி விழும் என்றார்கள். விழட்டும், தட்டிக்கொள்ளலாம் என்றேன். கதவே இல்லாத சட்டப் புத்தக அலமாரி இந்தச் சீமையில் அதுதான் முதல். விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அங்கே நூலகராக வந்தவர் ஆண்டிபட்டி நெசவுக்காரர் வீட்டுப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போவார். சனிக்கிழமை மத்தியானம் நான் மாமூலாக அங்கே போய் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவேன். போனதும் ஒரு புத்தகத்தின் தலையில் விரலை ஓட்டி என்னிடம் நீட்டுவார். “பாருங்கய்யா, உங்க காளவாசத் தூசி. பழனிசெட்டிபட்டியில கெளம்பி நேரா இங்கன வந்து உக்காருது.” கதவு போடாததை அவர் மன்னிக்கவே இல்லை.

அந்தம்மாவிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் என்ன கேட்டாலும் புத்தகத்தை எடுத்துத் தருவார், பின்பக்கத்து அட்டவணையில் எப்படித் தேடுவது என்று காட்டுவார், பக்கத்தை விரித்து வைப்பார். ஆனால் இப்படி வழக்குப் போடு, அப்படிப் பேசு என்று ஒரு சொல் வாயில் வராது. அது வக்கீல் சொல்வது, நான் சொன்னால் தப்பு என்பார். லைசென்சைப் பிடுங்கிக் கொண்டார்கள் என்று ஜீப் டிரைவர் வருவார். புருஷன் கைவிட்ட பெண் ஜீவனாம்சம் பற்றிக் கேட்டு வரும். பென்ஷன் நின்றுபோன வாத்தியார் வருவார். ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி பிடித்தம் செய்தார்கள் என்று மலையிலிருந்து இறங்கி வருவார்கள். வந்தவர்கள் எல்லாம் ஜெயித்துவிட்டார்கள் என்று நான் கதை விடவில்லை. ஆனால் படியேறி வந்ததை விட முதுகு கொஞ்சம் நிமிர்ந்துதான் இறங்கிப் போவார்கள். மேலே உட்கார்ந்து நான் பார்த்தது அது.

இனி தடத்துக்கு வருகிறேன்.

என் ஜீப் ஒன்றை ஓட்டியவர் கூடலூர்க்காரர். நல்ல மனுஷன். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிடும், எனக்கும் அது தங்கச்சிதான். ஊருக்கு வெளியே ஒரு ஏக்கருக்குக் குறைவாக நஞ்சை வைத்திருந்தது. அந்த நெல்லில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நஞ்சைக்கும் ரோட்டுக்கும் நடுவே, புருஷனுக்குப் பெரியப்பா மகன் முறை ஆகிறவரின் தோட்டம். எல்லாம் ஒரே தாத்தா சொத்து. இரண்டு மகன்களுக்குப் பிரித்தபோது ரோட்டோரம் மூத்தவருக்கு, பின்னால் இருப்பது இளையவருக்கு. பின் வயலுக்குப் போக முன் தோட்டத்து ஓரமாக ஒரு வண்டித்தடம்.

முன் தோட்டத்துக்காரர் ஊரில் மரியாதையான ஆள். கெட்டவர் என்று சொல்ல என் மனசு ஒப்பாது. நெல்லை விட்டுவிட்டுப் பன்னீர் திராட்சைக்கு மாறினார். பந்தலுக்குக் கல்தூண் ஊன்றும்போது தடத்தையும் சேர்த்து ஊன்றிவிட்டார்.

தங்கச்சி பஸ் ஏறி என் காளவாசலுக்கே வந்துவிட்டது. மண் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னது.

“பெரியவுக தூண ஊண்டிட்டாகண்ணே. என்ன இப்பிடின்னு கேட்டேன். இனிமே மாமூலும் வேணாம், தடமும் கெடையாதுன்னுட்டாக.”

மாமூல் என்றது ஒரு மூட்டை நெல். அறுப்புக்கு அறுப்பு அவள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும். மாமனார் காலத்திலேயே போய்க்கொண்டிருந்தது. எதற்கு என்றால் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதாம். எழுதித்தான் இருந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘மாமூல் வண்டித்தடத்தில் ஆள், மாடு, வண்டி போக வர உள்ள பாத்தியம் சகிதம்.’ எங்கள் பக்கத்தில் மாமூல் என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். ஸ்டாண்டில் வண்டி போட மாமூல், சந்தையில் சரக்கு இறக்க மாமூல். தடத்துக்கும் மாமூல் என்று தாத்தா எழுதிவிட்டுப் போயிருந்தால் கொடுக்கத்தானே வேண்டும். அதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

நூலகத்துக்கு வந்து போகிற ஒரு வக்கீல் தம்பியிடம் தங்கச்சியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கம்பம் பக்கத்துச் சம்சாரி மகன், வீட்டில் முதல் படிப்பாளி, சுறுசுறுப்பான பிள்ளை. இருபது வருஷத்துக்கு மேலாக, தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு நடந்த தடம் என்று பிராது எழுதிப் போட்டார். அப்படி நடந்திருந்தால், அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போக வர வசதியுரிமை வந்துவிடும் என்பது சட்டம்.

எதிர்த்தரப்பு பதில் போட்டது. அவர்கள் உரிமையோடு நடக்கவில்லை, வருஷா வருஷம் நெல் கொடுத்து எங்கள் அனுமதியில் நடந்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். வக்கீல் தம்பி தங்கச்சியைக் கூப்பிட்டு, அப்படிக் கொடுத்தது உண்டா என்று கேட்டார்.

“குடுக்காம? ஒரு அறுப்புக்குக்கூடத் தவறுனது இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரரும் இருந்தவரைக்கும் அவுக வந்து கேக்குற மாதிரி ஒருநாளும் வச்சதில்ல.”

பெருமையாகத்தான் சொன்னது. தம்பி முகம் சுருங்கிப் போனது. வெளியே வந்து என்னிடம் விளக்கினார். அனுமதி கேட்டு நடந்தவருக்கு எத்தனை வருஷம் நடந்தாலும் உரிமை வராதாம். கொடுத்த நெல்லே அனுமதிக்குச் சாட்சியாம். இல்லை என்று சொல்லச் சொல்லலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தங்கச்சி சொல்லவும் சொல்லாது.

அந்த அறுப்புக்கு வண்டி போகவில்லை. அறுத்த கட்டுகளைத் தலையில் வைத்து, வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறிச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்த தடவை வர மாட்டோம் என்று அறுப்பு ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாய்தாவுக்கு வந்தபோது கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் தங்கச்சி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“வித்துர்றேண்ணே. தடமில்லாத வயல வேற யாரு வாங்குவாக, அவுகளுக்கே குடுத்துர்றேன். குடுக்குறதக் குடுக்கட்டும்.”

கொஞ்சம் பொறு என்றேன். எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. கட்டினவன் சொன்னால் நிற்கும் என்று ஒரு நம்பிக்கைதான்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வக்கீல் தம்பி மாடியில் உட்கார்ந்தார், நான் எதிரே உட்கார்ந்தேன். சட்டம் தேடுவது எப்படி என்று அங்கேதான் பார்த்தேன். சட்டப் புத்தகம் மெலிசு. அதற்கு விளக்கம் எழுதினவர்களின் புத்தகம்தான் குண்டு. முதலில் மெலிசைப் பார்த்து எந்தப் பிரிவு என்று பிடிக்க வேண்டும். அப்புறம் குண்டைத் திறந்து, அந்தப் பிரிவுக்கு எந்தெந்த கோர்ட்டு என்னென்ன சொன்னது என்று பார்க்க வேண்டும். அப்புறம் தீர்ப்புத் திரட்டில் அந்தத் தீர்ப்பையே எடுத்து முழுசாகப் படிக்க வேண்டும். விளக்கக்காரர் ஒரு வரியில் சொன்னது, முழுத் தீர்ப்பில் வேறு மாதிரி இருக்குமாம். நான் ஒரு லோடு செங்கலை மேலாகப் பார்த்து இறக்க மாட்டேன், உள்ளே கைவிட்டு ஒன்றை உருவித் தட்டிப் பார்ப்பேன். அதே வேலைதான்.

ஒரு சனிக்கிழமை தம்பி துள்ளி எழுந்தார். சும்மா கொஞ்சம் தானியம் கொடுத்ததால் மட்டும் உரிமை போய்விடாது என்று ஒரு பழைய தீர்ப்பு கிடைத்துவிட்டது. நான் கீழே போய் டீ வாங்கி வந்தேன். அதற்குள் நூலகர் அம்மா பின்னால் வந்த வருஷத்துத் திரட்டுகளை இறக்கிக் கொண்டிருந்தார். ஒரு தீர்ப்பைக் கண்டால், அதற்கப்புறம் எவராவது அதை மாற்றிச் சொன்னார்களா என்று பார்த்த பிறகுதான் கையிலெடுக்க வேண்டும் என்றார். தம்பியும் தலையாட்டினார், அவருக்கும் அது தெரிந்ததுதான், சந்தோஷத்தில் மறந்துவிட்டது. இரண்டு பேரும் தேடினார்கள். இருந்தது. அதைவிடப் பெரிய அமர்வு அந்தப் பேச்சு செல்லாது என்று சொல்லியிருந்தது.

“செத்துப்போன தீர்ப்பா தாயி?” என்று கேட்டேன்.

“ஆமாங்கய்யா. உயிரோட இருக்கான்னு பாக்காம கொண்டு போனா, கோர்ட்டுல வச்சு எதிராளி அடக்கம் பண்ணிருவாரு.”

டீ ஆறிப் போயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமை நான் படியேறிப் போகிறேன், என் ஜன்னலோர நாற்காலியில் முன் தோட்டத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் முன்னால் எங்கள் தம்பி பார்த்துக்கொண்டிருந்த அதே குண்டுப் புத்தகம். பக்கத்தில் தமிழில் எழுதின சின்னச் சட்ட விளக்கம் ஒன்று. எனக்குத் தலைக்கேறிவிட்டது. நூலகர் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டேன். நான் கட்டின ஹாலில், எங்களுக்கு எதிராக வழக்காடுகிறவருக்கு, எங்கள் புத்தகத்தையே எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை.

“ஹாலு நீங்க கட்டுனதுதான்யா. எவரு வந்து கேட்டாலும் குடுக்கணும்னு சொன்னதும் நீங்கதான். அவுகளும் எவரோதான?”

என் சொல்லையே எடுத்து என் கையில் வைத்துவிட்டார். நான் போய் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போக? அந்த மேஜை அவருக்கும் பொது, எனக்கும் பொது.

அவர் விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான் படிக்கிற மாதிரியே. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார். ஒரே பக்கத்து ஆட்கள், முகம் தெரிந்தவர்கள், எத்தனை நேரம் பேசாமல் இருப்பது?

“நீங்க பெரிய பெரிய பத்திரமெல்லாம் பாத்தவுக. மாமூலு எவ்வளவு வாங்கலாம்னு இதுல எந்தப் பக்கத்துல போட்டுருக்காக? நாங்க கூடுதலா வாங்கிட்டோம்னு எங்க மேல திருப்பிட்டாகன்னா?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மனுஷன் நிஜமாகவே பயந்து போயிருந்தார். அதிகமாக வாங்கின பாவம் வந்துவிடுமோ என்று பார்க்கத்தான் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுத் தேனிக்கு வந்து படியேறியிருக்கிறார். தெரியலையேப்பா என்று சொல்லி எழுந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் போன பிறகு தம்பி வந்தார். அவரிடம் அப்படியே கேட்டேன். மாமூலுக்கு ரேட்டு எந்தப் பிரிவில் வருகிறது?

அவருக்கு நான் பேசுவது விளங்கவில்லை. எந்த மாமூல் என்றார். பத்திரத்தில் எழுதியிருக்கிற மாமூல், தங்கச்சி கொடுக்கிற நெல், என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“அய்யா, அந்த நெல்லு தடத்துக்கு வாடகைன்னு பேசி வச்சதுன்னுல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பத்திரத்துக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?”

“யாரும் பேசி வைக்கல தம்பி. பத்திரத்துல எழுதியிருக்கு, குடுத்தாக. எனக்கு ஒண்ணுதான் புரியல. எந்த அப்பன் தன் மூத்த மகனுக்கு இளைய மகன் மாமூல் குடுக்கணும்னு பத்திரம் எழுதுவான்? அதுவும் நடக்குறதுக்கு?”

இந்த இடத்தை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். வக்கீல் தம்பிக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்; எல்லாப் பத்திரத்திலும் எழுதுகிற வரிதானே என்று அதைத் தாண்டிப் போயிருந்தார். ஆனால் எங்கள் ஆட்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்பது தெரியாது. எங்களுக்கு நாங்கள் படித்தது தெரியும், அர்த்தம் தெரியாது. இரண்டையும் ஒரு மேஜையில் கொண்டு வந்து வைத்தது என் கேள்வி. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். நூலகர் அம்மா ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து, பழைய ரெவின்யூ சொற்களுக்கெல்லாம் பொருள் சொல்கிற ஒரு தடித்த அகராதியை இறக்கினார். தூசியைத் தட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படித்தார். மாமூல் என்றால் வழக்கமானது, தொன்றுதொட்டு நடந்து வருவது. மாமூல் வண்டித்தடம் என்றால் வழக்கமாக வண்டி போகிற தடம். அவ்வளவுதான். நெல்லும் இல்லை, கிஸ்தியும் இல்லை.

எனக்கு நம்ப முடியவில்லை. அந்தம்மா ஜன்னலைக் காட்டினார்.

“அய்யா மாமூலா உக்கார்ற நாற்காலின்னு சொல்றோம்ல, அந்த மாமூலுதான்யா. அதுக்கு நீங்க என்ன காசா குடுக்குறீக?”

தினம் வாயில் புழங்கின சொல்தான். பத்திரத்தில் ஏறி, முத்திரைத்தாளில் உட்கார்ந்ததும் எங்களுக்கு அது வேறாகத் தெரிந்துவிட்டது. ஒரு சொல்லைத் தப்பாகப் படித்து ஒரு குடும்பம் கொடுத்தது, இன்னொரு குடும்பம் வாங்கியது. இரண்டு பேர் மனசிலும் கள்ளம் இல்லை.

அதற்கப்புறம் வேலை வேறு பக்கம் திரும்பியது. இருபது வருஷக் கணக்கே இனி முக்கியமில்லை என்றார் தம்பி. தாத்தா பிரித்துக் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்த பாத்தியம் இது, நடந்து சம்பாதித்தது இல்லை. எழுதிக் கொடுத்த பாத்தியம், கூட ஏதோ கொடுத்ததால் கரைந்து போகுமா என்று மட்டும் பார்க்க வேண்டும். மறுபடி மெலிசு, மறுபடி குண்டு, மறுபடி திரட்டுகள். பொருந்துகிற தீர்ப்பு கிடைத்ததும் இந்தத் தடவை நானே பின் வருஷத்துப் புத்தகங்களைத் தூக்கி வந்து அடுக்கினேன். கடைசிப் புத்தகத்தையும் பார்த்து மூடிவிட்டு, உயிரோடு இருக்கிறது என்று நூலகர் அம்மா சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. தம்பி பிராதைத் திருத்த மனுப் போட்டார். என் ஜெராக்ஸ் மிஷின் அன்றைக்குச் சூடாகி ஒருதரம் நின்றுவிட்டது.

விசாரணை நாளில் முன் தோட்டத்துக்காரர் கூண்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. எங்கள் தம்பி அதட்டவில்லை, அமைதியாகத்தான் கேட்டார்.

“நெல்லு எதுக்கு வாங்குனீங்க?”

“மாமூலுக்கு.”

“மாமூல் வாங்கணும்னு யாரு சொன்னது?”

“எங்க தாத்தா. பத்திரத்துலயே எழுதி வச்சுட்டுப் போயிருக்காகல்ல.”

“அப்ப தடம்? அது யாரு குடுத்தது?”

“அதுவும் அவுகதான்.”

அவருடைய வக்கீல் கையிலிருந்த கேஸ் கட்டை மெதுவாக மூடி வைத்தார். அனுமதி கொடுத்தது நான் என்று அந்த மனுஷன் சொல்லியிருந்தால் வழக்கு இழுத்திருக்கும். பொய் சொல்லத் தெரியவில்லை. முன்சீப் அகராதிப் பக்கத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். மாமூல் என்றால் வழக்கம் என்று அர்த்தம், பணமோ நெல்லோ இல்லை என்று தோட்டத்துக்காரருக்குப் புரிகிற மாதிரி தமிழில் எடுத்துச் சொன்னார். அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“அப்ப இத்தன நாளு நாங்க வாங்குனது?”

அது இந்த வழக்கில் கேள்வி இல்லை என்று முன்சீப் சொல்லிவிட்டார். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டது. ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்த நேரம்தான் அது. ஆனாலும் அந்தப் பிள்ளை கண்ணில் தண்ணீர். அவுக முகத்தப் பாக்க முடியலண்ணே என்று பஸ்ஸில் வரும்போது சொன்னது.

தடம் அவளுக்கு உண்டு என்று தீர்ப்பானது. நகல் கைக்கு வருவதற்கு முன்பே அவர் ஆள் வைத்துத் தடத்தில் நின்ற தூண்களைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டார். அப்பீலுக்குப் போகவில்லை. அடுத்த அறுப்புக்கு மிஷின் அந்தத் தடத்திலேயே இறங்கியது. நானும் போயிருந்தேன், நான் இல்லாமல் அது நடக்குமா? நெல் அளந்து முடித்ததும் தங்கச்சி ஒரு மூட்டையைத் தனியாக எடுத்து ஓரத்தில் வைத்தது. அதுதான் வேண்டாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே என்றேன்.

“தெரியுதுண்ணே. குடுத்தே பழகிட்டேன். சும்மா அந்தத் தடத்துல நடக்கக் கூச்சமா இருக்கு.”

சாயங்காலம் மூட்டை அவர் வீட்டுக்குப் போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. மேலே ஒரு கூடை திராட்சை. அது நல்ல இனிப்பு. எனக்கும் பங்கு வந்தது. அவள் இன்றைக்கும் அந்த வயலில்தான் பயிர் வைக்கிறாள்.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம், நூலகத்து மாடியில் போன வருஷம் நடந்த ஆண்டு விழா. வக்கீல் தம்பி இப்போது பெரிய வக்கீல். மேடையில் அந்த வழக்கைத்தான் பேசினார், நன்றாகவே பேசினார். பொதுச் சட்ட நூலகம் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வயல் இல்லை, ஒரு சொல்லின் பொருளால் வழக்கே திரும்பியது என்று சொல்லி நூலகர் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். தகும். புத்தகம் தந்த குடும்பத்தைச் சொன்னார். அதுவும் தகும். அகராதியின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உதவியவர்கள் என்று ஒரு வரிசை. நான் முன் வரிசையில் உட்கார்ந்து மேலிருந்து கீழாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். கட்டடம்: பொதுமக்கள் ஒத்துழைப்பு என்று இருக்கிறது.

பொதுமக்கள் யார்? அந்த மாடிக்கு மண் பிசைந்தது நான். கதவு வேண்டாம் என்றது நான். எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதற்காக என் நாற்காலியை எதிராளிக்கு விட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்தது நான். எந்த அப்பன் அப்படி எழுதுவான் என்று கேட்டதும் நான். பதில் அலமாரியில் வருஷக் கணக்காக இருந்தது, எவரும் இறக்கவில்லை. கேள்வி கேட்ட பிறகுதான் ஏணி போட்டார்கள்.

ஆகவே கமிட்டியாருக்கு இதன் மூலம் சொல்லிக்கொள்வது: பொதுமக்கள் ஒத்துழைப்பு என்பதை அழித்துவிடுங்கள். அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே என் பெயரை முழுசாக, இனிஷியலோடு போட்டு, இந்த மாடியைக் கட்டியவர், மாமூல் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டவர் என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் ஒப்ப மாட்டேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிக்கிற ஆட்களும் அங்கே வருகிறார்கள். எழுதுகிற செலவை என் தலையில் கட்டாதீர்கள். அதற்கெல்லாம் நான் மாமூல் கொடுக்கிறதாக இல்லை.